நாள் முழுக்கத் தட்டுகிறவர்களுக்கான ஸ்கிரீன்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனி. அவர்கள் உள்ளே பயன்படுத்தும் ஜாப் ஒர்க் (சரக்கை வெளி யூனிட்டுகளுக்கு அனுப்பி வேலை செய்து வாங்குவது) அப்ளிகேஷனைத் திருத்திக் கொடுக்கும் வேலை எங்கள் சின்ன டீமுக்கு வந்தது. பிரௌசரில் ஓடுவதுதான். பல வருடங்களுக்கு முன் வேறு யாரோ எழுதியது, கணக்கு எங்கேயும் தப்பாது, அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் யாரும் அதை விரும்பித் திறக்கவில்லை. ஓனர் எங்களிடம் சொன்னது ஒரே வரி: "பார்க்கப் பழசா இருக்குதுங்க தம்பி, கொஞ்சம் மாடர்னா பண்ணிக் குடுங்க." அதை அப்படியே எடுத்துக்கொண்டு நிறத்தையும் ஐகானையும் மாற்றிவிட்டு பில் போட்டிருக்கலாம், அவரும் சந்தோஷமாகத்தான் இருந்திருப்பார். நாங்கள் முதலில் போய் அதில் டைப் அடிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். அங்கே பார்த்ததும், அதை வைத்து மாற்றியதும்தான் இந்தப் பதிவு. இதுமாதிரி ஆபீஸ் உள்வேலைக்கான அப்ளிகேஷன் எழுதுகிறவர்கள் யாருக்காவது உதவலாம்.

தொழில் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நூல் வாங்கி நிட்டிங்குக்குப் போகும், துணி ரோலாக வரும், அது சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பேக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பாதிக்கு மேல் வெளி யூனிட்டுகளில் நடக்கும். சரக்கு ஒவ்வொரு தடவை வெளியே போகும்போதும் டெலிவரி சலான், அதாவது டிசி போடணும், மூன்று காப்பி: சரக்கு வாங்குகிறவருக்கு ஒன்று, வண்டிக்காரருக்கு ஒன்று, நமக்கு ஒன்று. திரும்பி வந்தால் இன்வர்ட் பதிவு. சாயம் போட்டால் எடை குறையும், எவ்வளவு குறையலாம் என்று பேசிவைத்த சதவீதம் இருக்கும், அதைத் தாண்டினால் சண்டை. ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்திருக்கணும், இல்லையென்றால் அனுப்பிய அன்றைக்கே விற்றதாகக் கணக்காகிவிடும். ஆக, எந்த டிசிக்கு எவ்வளவு திரும்பியது என்பது வெறும் ஆபீஸ் கணக்கு இல்லை, வரி விஷயம்.

இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் கண்ணில் முதலில் பட்டது கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இருந்த நீளமான நோட்டு.

ஸ்டோரில் இன்வர்ட் போடும் அக்கா ஒருவர். டெம்போவில் துணி வந்து இறங்கும், ஒரு பையன் ரோலைத் தூக்கி எலக்ட்ரானிக் தராசில் வைத்து "இருபத்திரண்டு நானூத்தம்பது" (22.450 கிலோ) என்று கத்துவான், அக்கா நோட்டில் எழுதுவார். அடுத்த ரோல். அடுத்தது. பக்கத்தில் பத்து பத்தாகப் பிரித்துக் கோடு போட்டு, ஒவ்வொரு பத்துக்கும் கீழே கூட்டல். கடைசியில் கால்குலேட்டரில் மொத்தம் போட்டு, சாயப்பட்டறை டிசியில் இருக்கும் எடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஒத்துப்போனால் டெம்போவை விடுவார். இவ்வளவும் முடிந்து, சாயங்காலம் ஓய்வாக இருக்கும்போது நோட்டைப் பார்த்து அப்ளிகேஷனில் திரும்ப அடிப்பார். ஒரே வேலை இரண்டு தடவை.

ஏன் நேரடியாக அடிக்கக் கூடாது என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, ஸ்கிரீனைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு ரோலுக்கும் 'சேர்' பட்டன், அதை அழுத்தினால் குட்டி விண்டோ, அதில் லாட் (ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதி), கலர், டயா (துணிக் குழாயின் விட்டம்), ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) எல்லாம் மறுபடி முதலிலிருந்து தேர்வு செய்யணும், எடை போடணும், சேமிக்கணும், பக்கம் முழுசாகத் திரும்ப லோடாகும். ஒரு லோடில் வரும் ரோல் எல்லாம் பெரும்பாலும் ஒரே லாட், ஒரே கலர், மாறுவது எடை மட்டும்தான். பையன் கத்துகிற வேகத்துக்கு இந்த விண்டோ ஈடு கொடுக்காது. கூட்டுத் தொகை எல்லா ரோலையும் சேமித்த பிறகு அறிக்கையில்தான் தெரியும், அதுவரை டெம்போ நிற்காது. பாதியில் எழுந்து போனாலோ, லாகின் காலாவதியாகி எல்லாம் போய்விடும். "இதுக்கு நோட்டே தேவலாமுங்க" என்றார். சரிதான்.

எங்களுக்கு டிசைன் அங்கேயே கிடைத்துவிட்டது. அந்த நோட்டுப் பக்கம்தான் புது ஸ்கிரீன். மேலே லாட், கலர், டயா, ஜிஎஸ்எம் ஒரு தடவை. பக்கத்திலேயே சாயப்பட்டறை டிசியில் எழுதியிருக்கும் ரோல் எண்ணிக்கையும் எடையும், அதை முதலிலேயே கேட்டுவிடுகிறோம். கீழே எடைக்கு மட்டும் கட்டங்கள், பத்துப் பத்தாக, ஒவ்வொரு பத்துக்கும் கூட்டல். மேல் வலது மூலையில் இதுவரை மொத்தம், டிசிக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பெரிய எழுத்தில், ஸ்க்ரோல் செய்தாலும் அது அங்கேயே நிற்கும். டெம்போ நிற்கும்போதே வித்தியாசம் தெரிந்துவிடுவதால் டிரைவர் முன்னாலேயே பேசித் தீர்க்க முடிகிறது, மறுநாள் போனில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உங்கள் அப்ளிகேஷனைப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் ஒரு நோட்டோ, துண்டுச் சீட்டோ, மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் காகிதமோ இருந்தால் அதை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் (கேட்டுவிட்டு). உங்கள் ஸ்கிரீன் என்ன செய்யவில்லை என்பதற்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது.

அடுத்து என்டர் கீ. இது சின்ன விஷயமாகத் தெரியும், எங்கள் வேலையில் பாதி இதுதான். இங்கே கணக்கு எழுதுகிற எல்லோரும் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் வளர்ந்தவர்கள். என்டர் அடித்தால் அடுத்த கட்டம், கன்ட்ரோல்-ஏ அடித்தால் சேமிப்பு, பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆல்ட்-சி அடித்து அங்கேயே புதிதாக உருவாக்கலாம். விரல் பார்க்காமலே போகும். வெப் ஃபார்மில் என்டர் அடித்தால் என்ன ஆகும்? வழக்கப்படி ஃபார்ம் அப்படியே அனுப்பப்பட்டுவிடும், பாதி நிரப்பிய டிசி சேமிப்புக்குப் போய் பிழைச் செய்தியோடு திரும்பும். பழைய அப்ளிகேஷனில் இதுதான் நடந்துகொண்டிருந்தது, அதனால் எல்லோரும் ஒரு கையை மவுஸிலேயே வைத்துக்கொண்டு பயந்து பயந்து அடித்தார்கள். என்டரை அடுத்த கட்டத்துக்குப் போக வைத்தோம், கடைசிக் கட்டத்தில் மட்டும் 'சேமிக்கலாமா' என்று கேட்கும். எல்லா வேலையும் மவுஸைத் தொடாமல் முடியணும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம், மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு டிசி போட்டுப் பார்ப்பதுதான் டெஸ்ட். பிரௌசர் சில ஷார்ட்கட்டைத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிறது, கன்ட்ரோல்-என், கன்ட்ரோல்-டபிள்யூ மாதிரி. அதோடு மோதாத சாவிகளாகத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் யாராவது முழு டேபையும் மூடிவிட்டு உங்களைத் திட்டுவார்கள்.

எண் கட்டங்களில் இன்னொரு பொறி. வெப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் எண்ணுக்கென்றே ஒரு இன்புட் வகை இருக்கிறது, அதைப் போட்டால் எல்லாம் சரி என்றுதான் யாரும் நினைப்போம். அந்தக் கட்டத்தில் கர்சர் இருக்கும்போது கீழ் அம்புக்குறி அடித்தால் எண் குறையும், குரோமில் மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் மாறும். எக்செல் பழக்கத்தில் கீழ் வரிசைக்குப் போக அம்புக்குறி அடிக்கிறவர்களிடம் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? 22.450 அடித்துவிட்டுக் கீழே போனதாக நினைப்பார்கள், ரோலின் எடை மாறியிருக்கும், யாருக்கும் தெரியாது. வித்தியாசம் வந்தபோதெல்லாம் சாயப்பட்டறையோடு சண்டை போட்டிருக்கிறார்கள், அதில் எத்தனை இந்தச் சக்கரத்தால் வந்ததோ! பிரிட்டன் அரசாங்கத்தின் டிசைன் சிஸ்டம் டீமும் இதையும் வேறு சில சிக்கல்களையும் பார்த்துவிட்டு 2020-லேயே அந்த வகையைக் கைவிட்டு, சாதாரண எழுத்துக் கட்டத்தோடு, எந்தக் கீபோர்டு வரணும் என்று சொல்லும் இன்புட்மோட் என்ற அட்ரிபியூட்டைச் சேர்க்கச் சொல்லிவிட்டது. நாங்களும் அதையே செய்தோம். போனில் எண் கீபோர்டு வரும், சக்கரம் எதையும் தொடாது.

தேதியும் அப்படித்தான். பிரௌசரின் தேதிக் கட்டம், குரோம் அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால், மாதத்தை முதலில் கேட்கும். 5/6 என்று அடித்தால் ஜூன் 5-ஆ, மே 6-ஆ? ஸ்டோரில் இருந்த கம்ப்யூட்டர்களில் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. நாங்கள் வெறும் எழுத்துக் கட்டம் வைத்தோம்: 5 என்று மட்டும் அடித்தால் நடப்பு மாதம் 5ஆம் தேதி, 5.6 என்றால் ஜூன் 5, பக்கத்திலேயே கிழமையோடு முழுத் தேதியையும் காட்டிவிடும். காலண்டர் படத்தைத் தேடிப் போய்க் கிளிக் பண்ணுகிற வேலையே இல்லை.

இனிமேல் சொல்வதில் சில டிசைனர் நண்பர்களுக்கு உடன்பாடு இருக்காது. இப்போது எல்லா டிசைனிலும் வெள்ளை இடம் அதிகம், எழுத்து பெரிசு, ஒரு பக்கத்தில் ஒரே கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை ஒரு விண்ணப்பம் போட வருகிறவருக்கு அது நல்லது. காலையிலிருந்து இரவு வரை அதிலேயே இருக்கிறவருக்கு அது தண்டனை. அவருக்கு லாட், கலர், எடை, பாக்கி, பார்ட்டி எல்லாம் ஒரே பார்வையில் வேணும், ஸ்க்ரோல் செய்தால் ஞாபகம் அறுந்துபோகும். ரயில்வே கால அட்டவணை மாதிரி நெருக்கமாக இருக்கட்டும், வரிசை ஒழுங்காக இருந்தால் போதும். எண்களை எல்லாம் வலப்பக்கம் ஒட்டி, ஒரே அகலமுள்ள இலக்கங்களில், லட்சத்துக்கு 1,00,000 என்று நம் முறைப்படி காற்புள்ளி வைத்தோம். பழைய ஸ்கிரீனில் அது 100,000 என்று வரும், ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் எண்ணிப் பார்க்கணும்.

ஆனால் நெருக்கம் வேறு, மங்கல் வேறு. சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. வெள்ளைமேல் 999 என்ற நிறக் குறியீடு உள்ள அந்தப் பிரபலமான சாம்பலின் கான்ட்ராஸ்ட், அதாவது பின்னணியோடு உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 2.85. சாதாரண அளவு எழுத்துக்கு, வெப் பக்கம் எல்லோருக்கும் பயன்படணும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதிமுறை கேட்பது குறைந்தது 4.5. நம் லேப்டாப்பில் தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, ஸ்டோரில் இருப்பது கதவோரம் வெயில் அடிக்கும் பழைய மானிட்டர், மேலே பஞ்சுத் தூசி வேறு. அதேபோல் பாக்கி இருப்பதைச் சிவப்பு, முடிந்ததைப் பச்சை என்று நிறத்தால் மட்டும் காட்டியிருந்ததை மாற்றி, பக்கத்தில் 'பாக்கி', 'முடிந்தது' என்று எழுத்திலும் போட்டோம். சிவப்பு-பச்சை பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். கலர் ஷேடு பார்க்கிற தொழிலில் அதை வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

கருத்துக் கேட்பதைப் பற்றி. ஒரு அப்ளிகேஷன் பயன்படுத்த எளிதா என்று அளக்க ஜான் ப்ரூக் 1986-இல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, எஸ்யூஎஸ் என்பார்கள், உலகம் முழுக்க இதை வைத்துத்தான் மார்க் போடுகிறார்கள். இங்கே அது வேலைக்கு ஆகாது என்பது என் அபிப்பிராயம். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் குறை சொல்லாத ஊர் இது. எதைக் கேட்டாலும் "நல்லா இருக்குதுங்க", அதுவும் ஓனர் அனுப்பி வைத்த ஆள் கேட்டால் இன்னும் நல்லா இருக்கும். அதனால் கேட்பதை விட்டுவிட்டுப் பார்ப்பதுதான். "ஒரு டிசி போட்டுக் காட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் இருப்பது. கை எங்கே தயங்குகிறது, எப்போது பக்கத்து சீட்டுத் தம்பியைப் பார்க்கிறார், எப்போது உதட்டைக் கடிக்கிறார், இதுதான் குறிப்பு. கஷ்டமே நாம் நடுவில் புகுந்து "அங்க இல்லக்கா, இங்க அமுத்துங்க" என்று சொல்லாமல் இருப்பதுதான். ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் யேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது பிரபலம், ஆனால் அந்த ஐந்து ஒரே மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு. ஸ்டோர், கட்டிங், கணக்கு, மெர்ச்சன்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனி உலகம், ஒவ்வொன்றிலும் சிலரையாவது பார்க்கணும்.

அப்படிப் பார்த்ததில் வெளிவந்த பெரிய விஷயம், சேமித்த பிறகு வரும் செய்தி. பச்சைப் பட்டையில் 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று ஓரமாக வந்து மூன்று விநாடியில் மறைந்துவிடும். அந்த நேரம் அவர் கண் கீபோர்டிலோ தராசிலோ இருக்கும். "ஆயிடுச்சுங்களா இல்லீங்களா" என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை அழுத்துவார், இரண்டு டிசி விழும். டிசி எண் வரிசையாக இருக்கணும் என்பதால் ஒன்றை அழிக்கவும் முடியாது, கேன்சல் போட்டு விளக்கம் எழுதணும். இப்போது சேமித்ததும் ஸ்கிரீன் நடுவில் டிசி எண் மட்டும் பெரிதாக வந்து நிற்கும், அடுத்த சாவி அழுத்தும் வரை போகாது. ஏனென்றால் அந்த எண்ணைக் கேட் ரெஜிஸ்டரில் கையால் எழுத வேண்டியிருக்கிறது. பட்டனை இரண்டு தடவை அழுத்தினாலும் ஒரே பதிவுதான் விழும்படி ஒவ்வொரு புது டிசிக்கும் பிரௌசரிலேயே ஒரு தனி அடையாளம் கொடுத்து, சர்வரில் அதே அடையாளம் திரும்ப வந்தால் பழைய எண்ணையே அனுப்பச் செய்தோம். பட்டனை மங்கலாக்குவது மட்டும் போதாது, நெட் நடுவில் அறுந்தால் அது காப்பாற்றாது.

நெட் கட்டாயம் அறும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடைவெளியில் கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் தப்பிவிடும், ரவுட்டர் தப்பாது, அது திரும்ப உயிர் பெற்று வரச் சில நிமிடம். அடிக்க அடிக்கக் கட்டங்களை பிரௌசரின் லோக்கல் ஸ்டோரேஜிலேயே, அதாவது அந்தக் கம்ப்யூட்டரிலேயே, எழுதி வைத்துக்கொண்டோம். திரும்பத் திறந்தால் 'பாதியில் நின்ற இன்வர்ட் இருக்கிறது, தொடரலாமா' என்று கேட்கும். அக்கா நோட்டை விட்டதற்கு எண்டர் கீயைவிட இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ரோல் எடை காணாமல் போகாது என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் நேரடியாக அடிக்க ஆரம்பித்தார்.

பார்ட்டி பட்டியலில் ஒரே சாயப்பட்டறை மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருந்தது, பாக்கி மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஜிஎஸ்டி எண்ணைக் கட்டாயமாக்கினோம்: 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33, அடுத்த பத்து பான் எண். அதே எண் ஏற்கெனவே இருந்தால் 'இவர்தானே' என்று பழைய பெயரைக் காட்டும். தேடலிலும் பெயரின் எந்தப் பகுதியை அடித்தாலும், ஊர்ப் பெயரை அடித்தாலும் வரும், கடைசியாகப் பயன்படுத்தியவர் முதலில் வருவார். இதைச் செய்ய ஒரு நாள் வேலைகூட இல்லை, பலன் பெரிது.

ஓனர் கேட்டது டாஷ்போர்டு. வட்டப் படம், பட்டைப் படம், ஓடும் எண்கள். அவருடைய ஆபீசில் காலை நேரம் உட்கார்ந்து பார்த்தால், அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: இந்த ஆர்டர் இப்போ எங்கே நிற்கிறது, யாரிடம் இருக்கிறது, எப்போ வரும். அதனால் முதல் பக்கத்தில் ஒரே ஒரு தேடல் பெட்டி வைத்தோம், ஆர்டர் எண்ணை அடித்தால் நூல் முதல் பேக்கிங் வரை எந்தக் கட்டத்தில் எத்தனை கிலோ, எத்தனை பீஸ், எத்தனை நாளாக நிற்கிறது என்று ஒரு வரியில். ஒரு வருட கெடுவை நெருங்கும் டிசிகள் அதற்குக் கீழே. ஒரு வட்டப் படமும் வைத்தோம், அவர் ஆசைப்பட்டார், அதுவும் இருக்கட்டும்.

மெனுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சர்வர் பதிவை எடுத்துப் பார்த்தால் நீளமான மெனுவில் சில பக்கங்கள்தான் தினமும் திறக்கப்படுகின்றன, மற்றதெல்லாம் தூசி. உடனே எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிச் சுத்தப்படுத்தத் தோன்றும். செய்யாதீர்கள். பலர் எழுத்தைப் படிப்பதில்லை, மேலிருந்து நாலாவது, அதற்குள் இரண்டாவது என்று இடத்தை வைத்துத்தான் போகிறார்கள். இருந்த வரிசையை அப்படியே விட்டு, பயன்படாததை மட்டும் அடியில் 'மற்றவை' என்று ஒதுக்கினோம்.

புது ஸ்கிரீனை எப்போது விடுவது என்பதும் டிசைனில் சேர்ந்ததுதான். மாதக் கடைசி கூடாது. மாதா மாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்னில் ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11ஆம் தேதி, 3பி கெடு 20ஆம் தேதி, அந்தத் தேதிகளை ஒட்டிக் கணக்குப் பிரிவைத் தொடக் கூடாது. தீபாவளி போனஸ் நேரம் பேச்சுக்கே இடமில்லை. ஒரு பிரிவு, ஒரு ஸ்கிரீன் என்று விட்டோம், ஒவ்வொன்றிலும் 'பழைய ஸ்கிரீன்' என்று ஒரு லிங்க், இரண்டும் ஒரே டேட்டாபேஸில் எழுதும். திரும்பிப் போக வழி இருக்கிறது என்று தெரிந்தால் மனுஷனுக்குப் பயம் பாதி குறையும். அந்த லிங்கை யார் எப்போது அழுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம், அழுத்தினால் போய்க் காரணம் கேட்டோம். கட்டிங் பிரிவிலிருந்து விடாமல் அழுத்தினார்கள், காரணம் பிரின்ட். முன்பே அச்சடித்த மூன்று காப்பித் தாளில் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் போகணும், புது ஸ்கிரீன் பிரின்ட் விண்டோவைத் திறந்து தாள் அளவு, மார்ஜின் எல்லாம் கேட்டது. பக்க அளவை சிஎஸ்எஸ்ஸிலேயே (வெப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) குறிப்பிட்டு, அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் குரோமைக் கியோஸ்க் பிரின்டிங் என்ற அமைப்போடு திறக்கும்படி ஷார்ட்கட் வைத்ததும், கேட்காமலே பிரின்ட் போனது.

நூல் ஸ்டாக் ஸ்கிரீனை மட்டும் இன்னும் மாற்றவில்லை. அதை ஒரே ஒரு பெரியவர்தான் பயன்படுத்துகிறார், ஸ்கிரீன் வரும் முன்பே அடுத்த பக்கத்துக்கான சாவியை அடித்துவிடுகிற வேகம். அவர் பக்கத்தில் நோட்டு எதுவும் இல்லை. மாற்றித் தரட்டுங்களா ஐயா என்று கேட்டதற்கு, "நான் இருக்கிற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும் தம்பி, அப்புறம் வர்றவனுக்கு நீங்க என்ன வேணா பண்ணிக் குடுங்க" என்றார். பாதுகாப்பு அப்டேட் மட்டும் போட்டு, அந்தப் பக்கத்தைத் தனியாக ஓட விட்டிருக்கிறோம். பராமரிப்பில் கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஓனருக்கும் சொல்லிவிட்டோம்.